83 சதவீதத்தில் நின்றுபோன லினக்ஸ்: திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது தெரியுமா?

பென் டிரைவைச் செருகியாயிற்று. மொழி, ஊர், கீபோர்டு என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று. பட்டை ஊர்ந்து ஊர்ந்து 83 சதவீதத்துக்கு வந்து அப்படியே நிற்கிறது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே 83. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்! அந்தத் திரைக்குப் பின்னால் வேறு சில திரைகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன, தெரியுமா?

டெபியன் லினக்ஸின் இன்ஸ்டாலரை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்4 தட்டிப் பாருங்கள். முன்திரை ஊமையாக நின்றுகொண்டிருக்க, இங்கே ஒரு வாயாடி விடாமல் பேசிக்கொண்டிருக்கும். எந்தக் கோப்பைத் தேடினேன், எந்த சர்வர் பதில் சொல்லவில்லை, டிஸ்கின் எந்த மூலையைப் படிக்க முடியவில்லை என்று வரிவரியாகப் புலம்பல். அதுதான் லாக். எஃப்2, எஃப்3 தட்டினால் இரண்டு வெற்றுத் திரைகள் வரும். என்டர் தட்டினால் அங்கே நம் கட்டளைக்காக முழுசாக ஒரு லினக்ஸ் ஷெல் காத்திருக்கும். ஹார்டு டிஸ்கில் இன்னும் லினக்ஸே ஏறவில்லை, அதற்குள் ஷெல்லா? ஆமாம்! இன்ஸ்டாலர் என்பதே மெமரிக்குள் குடியிருக்கும் ஒரு குட்டி லினக்ஸ்தான். வீடு கட்ட வந்த மேஸ்திரி பக்கத்தில் குடிசை போட்டுக்கொள்வது மாதிரி. பட வடிவ இன்ஸ்டாலருக்குத் திரும்ப எஃப்5, எழுத்து வடிவமாக இருந்தால் எஃப்1.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்த இன்ஸ்டாலரின் மெனுவில் லாக்கைச் சேமிக்க ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், பாதியில் நின்ற அந்தக் கம்ப்யூட்டரே ஒரு சின்ன வெப் சர்வராக மாறிவிடும்! பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் நோயாளியின் கேஸ் ஷீட்டைத் திறந்து படிக்கலாம். செத்துப்போனது என்று நாம் நினைத்தது நமக்கு வெப்சைட் நடத்துகிறது.

இன்னொன்று, தமிழ்க் கண்ணுக்கு மட்டுமே கிடைக்கும் சந்தோஷம். தேவையான துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டுவரும் வேலைக்காரப் புரோகிராமின் பெயர் என்ன தெரியுமா? அன்னா! 'அன்னா என்பது ஆப்ட் அளவுக்குக் கிடையாது' என்று அர்த்தம் வரும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள். ஆப்ட் என்பது டெபியனின் பெரிய மென்பொருள் இறக்கி. இது அதன் ஏழைத் தங்கை. ஆனால் நள்ளிரவில் லாக்கில் வரிக்கு வரி அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு 'அண்ணா, அண்ணா' என்று யாரோ கூப்பிடுவது போலவே இருக்கும்.

அதெல்லாம் சொகுசு. அந்தக் காலத்து நிலைமை தெரியுமா? 1990-களில் லினக்ஸைத் தொடங்கிவைத்த புரோகிராமின் பெயர் லிலோ. ஆங்கிலத்தில் எழுதினால் எல், ஐ, எல், ஓ என்று நான்கே எழுத்து. கம்ப்யூட்டர் எழும்போது அந்த நான்கு எழுத்தும் திரையில் வரும். பெயர்ப்பலகை என்றுதான் பலரும் நினைத்தார்கள். இல்லை! ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி தாண்டியதற்கான கையெழுத்து. வெறும் 'எல்' வந்து நின்றால், முதல் பாகம் எழுந்துவிட்டது, ஆனால் இரண்டாம் பாகத்தை டிஸ்கிலிருந்து எடுக்க முடியவில்லை. கூடவே இரண்டிலக்கப் பிழை எண்ணும் வரும். 'எல் ஐ' என்று நின்றால், இரண்டாம் பாகம் வந்துவிட்டது, ஓட மறுக்கிறது. 'எல் ஐ எல்' என்று நின்றால், ஓடுகிறது, ஆனால் லினக்ஸின் இதயமான கர்னல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை எடுக்க முடியவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி வந்தால் இரண்டாம் பாகம் தப்பான முகவரியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கேள்விக்குறிக்குப் பதில் ஒரு சிறு கோடு வந்தால் அந்தக் குறிப்பே கெட்டுவிட்டது. நான்கெழுத்தும் வந்தால்தான் சுபம்.

யோசித்துப் பாருங்கள். டிஸ்கின் முதல் செக்டார் மொத்தமே 512 பைட். அதில் புரோகிராமுக்குக் கிடைப்பது 446. அதற்குள் நீளமான பிழைச் செய்தி எழுத இடம் ஏது? சொந்தப் பெயரையே தெர்மாமீட்டர் ஆக்கிவிட்டார்கள். இன்றைய இன்ஸ்டாலர்கள் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று சொல்லி ஒரு சோகப் பொம்மையைக் காட்டும்போதெல்லாம், ஓர் எழுத்தில் ஒரு நோயைச் சொன்ன லிலோவை நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன்.

அதற்கும் முன்னால்? 1992-ல் எச். ஜே. லூ என்பவர் இரண்டு ஃபிளாப்பிகள் தந்தார். ஒன்றின் பெயர் பூட், இன்னொன்று ரூட். ஒன்றைப் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பி, கேட்கும்போது அடுத்ததை மாற்ற வேண்டும். ஹார்டு டிஸ்கிலிருந்தே எழ வேண்டும் என்றால் ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்து பைட்டுகளைக் கையால் திருத்த வேண்டும். இன்ஸ்டாலர் என்று தனியாக எதுவும் கிடையாது, நீங்கள்தான் இன்ஸ்டாலர்!

ஹார்டு டிஸ்கைத் தவறுதலாக அழித்துவிட்டீர்களா? வெட்கப்படாதீர்கள். லினக்ஸைப் படைத்த லீனஸ் டோர்வால்ட்ஸே அதைச் செய்திருக்கிறார், தெரியுமா? 1991-ன் இறுதி. மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரைக் கூப்பிட நினைத்தவர், மோடம் இருந்த இடத்துக்குப் பதிலாக ஹார்டு டிஸ்கின் பெயரைத் தட்டிவிட்டார். போன் எண்ணைச் சுழற்றும் கட்டளைகள் டிஸ்கின் மேலேயே எழுதப்பட்டன. அதாவது டிஸ்குக்கு போன் போட்டுவிட்டார்! அதில் இருந்தது அவர் அதுவரை நம்பியிருந்த மினிக்ஸ் இயங்குதளம். அதைத் திரும்ப ஏற்றுவதா, தான் எழுதிக்கொண்டிருக்கும் லினக்ஸையே முழுசாக நம்பிவிடுவதா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இன்று எத்தனையோ சர்வர்களில் ஓடும் ஒன்று, ஒரு தட்டச்சுப் பிழையால் தனிக்குடித்தனம் போனது.

பிழைகள் வம்சத்தையே வளர்த்த கதையும் உண்டு. 1992-ல் வந்த எஸ்எல்எஸ் என்ற லினக்ஸ் தொகுப்பு பிரபலமாக இருந்தது, பிழைகளும் நிறைய. அதைத் திருத்தப் புகுந்த பேட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் ஸ்லாக்வேரைக் கொண்டுவந்தார். அதே எஸ்எல்எஸ் மேல் கடுப்பான இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனை அறிவித்தார். ஒரே தலைவலிக்கு இரண்டு வைத்தியர்கள்! இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன, எஸ்எல்எஸ்தான் இல்லை.

சரி, இன்ஸ்டாலர் கெட்டால் மென்பொருள்தானே கெடும், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்கிறீர்களா? 2003 அக்டோபரில் மாண்ட்ரேக் 9.2 என்ற லினக்ஸ் தொகுப்பு வெளிவந்தபோது நடந்ததைக் கேளுங்கள். சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்தவர்கள் சிலருடைய சிடி டிரைவே செத்துப்போனது! எல்லாருக்கும் இல்லை, எல்ஜி டிரைவ் வைத்திருந்தவர்களுக்கு. விசாரித்ததில் வெளிவந்தது இது. சிடியில் எழுதும் வசதிக்காகக் கர்னலில் சேர்த்திருந்த ஒரு நிரல், 'உன் கையில் எழுத வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தால் எழுதி முடி' என்று டிரைவுக்கு ஒரு கட்டளை எண்ணை அனுப்பியது. படிக்க மட்டுமே தெரிந்த டிரைவுக்கு அந்தக் கட்டளையால் உபயோகம் இல்லை. 'உபயோகம் இல்லாத எண்தானே' என்று அந்த டிரைவை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேரில் அதே எண்ணை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை? 'உன் ஃபர்ம்வேரை அழித்துப் புதிதாக எழுதிக்கொள்'! லினக்ஸ் மரியாதையாகக் குசலம் விசாரித்தது. டிரைவ் அதைத் தற்கொலைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. இதில் யார் குற்றவாளி என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. அடுத்தவன் கதவு எண்ணைத் தன் வீட்டுக்கு மாட்டிக்கொண்டவன்தான்.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2013 தொடக்கத்தில் சாம்சங் லேப்டாப் சிலவற்றில் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் பென் டிரைவை யூஇஎஃப்ஐ என்ற தொடக்க முறையில் போட்டு எழுப்பியவுடனே மதர்போர்டு கல்லாகிவிட்டது. லினக்ஸில் இருந்த சாம்சங் டிரைவர்தான் காரணம் என்று முதலில் பழி விழுந்தது. பிறகு மேத்யூ காரெட் என்ற கர்னல் நிபுணர், ஃபர்ம்வேரின் சேமிப்பிடத்தை நிரப்பினால் விண்டோஸிலிருந்தும் அதே லேப்டாப்பைக் கொல்லலாம் என்று செய்துகாட்டினார்! 2017 டிசம்பரில் உபுண்டு 17.10-ஐ அதன் நிறுவனமே டவுன்லோடு பக்கத்திலிருந்து இறக்கிவிட்டது. லெனோவா முதலான சில லேப்டாப்களில் கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ், எந்த மாற்றத்தையும் சேமிக்க முடியாமல் பூட்டிக்கொண்டதுதான் காரணம். இன்டெல் எஸ்பிஐ என்ற ஒரு டிரைவரைக் கர்னலில் தெரியாமல் திறந்து வைத்திருந்தார்கள். திருத்திய பதிப்பு 2018 ஜனவரியில் வந்தது. அதில் ஆறுதல் என்னவென்றால், பூட்டிக்கொண்ட பயாஸைத் திறக்கவும் லினக்ஸே உதவியது. திருத்திய கர்னலை ஒருமுறை ஓடவிட்டால் போதும்.

லாக் வாயாடி என்றேன் அல்லவா? வாயாடியால் வரும் வினையும் உண்டு. உபுண்டு 5.10-ன் இன்ஸ்டாலர், இன்ஸ்டால் செய்தபோது நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே லாக்கில் எழுதிவைத்துவிட்டது. அந்தக் கோப்பை அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்! 2006 மார்ச்சில் கண்டுபிடித்து அவசரமாகச் சரிசெய்தார்கள். பாடம் கற்றார்களா? 2020-ல் உபுண்டு சர்வருக்கான புத்தம்புது இன்ஸ்டாலர், முழு டிஸ்கையும் பூட்டும் பாஸ்வேர்டை லாக்கில் எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. 14 வருஷம் கழித்து, வேறு இன்ஸ்டாலர், அதே பழக்கம். உதவி கேட்டு லாக்கை யாருக்காவது அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே உங்கள் பாஸ்வேர்டைத் தேடிப் பாருங்கள்.

லிலோவுக்குப் பின் வந்த கிரப் மட்டும் என்னவாம்? 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஓர் அதிசயத்தை அறிவித்தார்கள். கிரப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறீர்களா? பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 தடவை தட்டுங்கள். மீட்புத் திரை திறந்துவிடும்! அழிக்க எழுத்தே இல்லாதபோதும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனதுதான் ஓட்டை. 27 அல்ல, 29 அல்ல, சரியாக 28.

அதே கிரப்புக்குள் ஒரு மேதைத்தனமும் ஒளிந்திருக்கிறது. கிரப்பின் ஒரு பகுதி, டிஸ்கில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் ஓடும் சில லைசென்ஸ் மென்பொருள்கள் அந்த இடத்தில் யாரையும் கேட்காமல் கிறுக்கிவைக்கும். அடுத்த நாள் லினக்ஸ் எழாது. கிரப் என்ன செய்தது தெரியுமா? கீறல் விழுந்த சிடியைப் பாட வைக்கிறதே ரீட்-சாலமன் கணிதம், அதைத் தன்னுள் புகுத்திக்கொண்டது. யாராவது கொஞ்சம் கிறுக்கினால் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டுத் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும்!

வெற்றிடம் என்றதும் இன்னொன்று. சிடிக்கென்று செய்த ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் அப்படியே கொட்டினாலும் எப்படி எழுகிறது? ஐஎஸ்ஓ விதிப்படி முதல் 32,768 பைட் காலியாக விடப்பட்டிருக்கும். சிடி டிரைவ் அந்தப் பக்கமே திரும்பாது. அந்தத் திண்ணையில் ஹார்டு டிஸ்குக்கான முதல் செக்டாரைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். சிடியாகப் பார்த்தால் சிடி, டிஸ்காகப் பார்த்தால் டிஸ்க்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தது. டிஸ்கை வேகமாக்கினால் கம்ப்யூட்டர் எழாமல் போகுமா? போனது! 2019 செப்டம்பர், லினக்ஸ் 5.3 வெளிவரும் தறுவாய். எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு நல்ல திருத்தம். டிஸ்கைத் தொடும் தடவைகள் குறைந்தன. உடனே ஒருவருடைய லேப்டாப் எழும்போது பாதியில் உறைந்துபோனது. டிஸ்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கர்னலுக்கு யாரும் யூகிக்க முடியாத ராண்டம் எண்கள் வேண்டும். அதற்கான தாறுமாறை அது டிஸ்க், கீபோர்டு முதலானவை எந்த நொடித்துளியில் குறுக்கிடுகின்றன என்பதிலிருந்து சேகரிக்கும். டிஸ்க் ஒழுங்காக, குறைவாக வேலை செய்யவே தாறுமாறு போதவில்லை. ராண்டம் எண் கேட்ட புரோகிராம் வாசலிலேயே காத்துக் கிடந்தது. குறையே இல்லாத அந்தத் திருத்தத்தை லீனஸ் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றார். அடுத்த பதிப்பில், ப்ராசஸரின் நேரத் தடுமாற்றத்திலிருந்தே தாறுமாறு கறக்கும் வழியைச் சேர்த்தார். டிஸ்கைப் பூட்டி இன்ஸ்டால் செய்யும்போது டெபியன் சிலசமயம் 'கண்டபடி கீபோர்டில் தட்டுங்கள்' என்று கேட்டதும் இதற்குத்தான். என் அக்கா பையனுக்கு இன்ஸ்டாலில் அந்த ஒரு கட்டம் மட்டும் ரொம்பப் பிடிக்கும்.

பட்டை நகரும்வரை என்ன செய்வது? 1999-ல் கால்டெரா ஓபன்லினக்ஸின் இன்ஸ்டாலர், கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போது டெட்ரிஸ் விளையாட்டு கொடுத்தது! அதே 90-களின் பிற்பகுதியில் ரெட் ஹேட் இன்ஸ்டாலரின் மொழிப் பட்டியலில் அமெரிக்கப் பட்டிக்காட்டுப் பேச்சான 'ரெட்நெக்' ஒரு மொழியாகவே இருந்தது. இன்று அப்படி விளையாட யாருக்கும் மனசில்லை.

மொழி என்றால், தமிழில் இன்ஸ்டால் செய்யலாம் தெரியுமா? டெபியன் இன்ஸ்டாலர் தமிழில் பேசும். ஆனால் எழுத்து வடிவ இன்ஸ்டாலரில் தேடினால் தமிழ் இருக்காது. பட வடிவத்தில் மட்டும் இருக்கும். ஓரவஞ்சனை அல்ல. லினக்ஸின் கறுப்புத் திரையில் எழுத்துரு ஒன்றுக்கு அதிகபட்சம் 512 வடிவங்கள்தான். அதுகூடப் பரவாயில்லை. 'கொ' என்று எழுத, ஒரே குறியின் ஒரு பாதியைக் 'க'வுக்கு முன்னாலும் மறுபாதியைப் பின்னாலும் வரைய வேண்டுமே, அந்த வித்தை அதற்குத் தெரியாது. 2007-ல் வந்த டெபியன் 4.0-ல் பட வடிவ இன்ஸ்டாலர் சேர்ந்த பிறகுதான் தமிழும் இந்தியும் அங்கே சரியாக எழுதப்பட்டன.

சொந்தக் கதை ஒன்று. தாய்மாமா வீட்டுப் பழைய கம்ப்யூட்டர். முதல் தடவை 40-ல் நின்றது. அடுத்து 71. மூன்றாம் தடவை ஆரம்பத்திலேயே. மாமா என் திறமையைப் பற்றி வெளிப்படையாகவே பேச ஆரம்பித்துவிட்டார். பழைய கைகள் சொல்லும் ஒரு சூத்திரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவில் இருக்கும் கோப்பைச் சந்தேகி. வேறு வேறு இடத்தில் நின்றால் மெமரியைச் சந்தேகி. மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு மெமரி பட்டையில் ஒன்றைப் பிடுங்கியதும் 20 நிமிஷத்தில் வேலை முடிந்தது. மாமா பிடுங்கிய பட்டையைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரிலேயே இன்னொரு கூத்தும் நடந்தது. சட்டைப் பொத்தான் அளவு மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்ததால் அது தான் பல வருஷம் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. சர்வரிலிருந்து வந்த பட்டியலைப் பார்த்து, 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுத்துவிட்டது. எதிர்காலத்திலிருந்து வந்த கோப்பாம்! தேதியைத் திருத்தியதும் சமாதானம். பக்கத்தில் விண்டோஸும் இருந்தால், லினக்ஸ் ஏற்றிய மறுநாள் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தைக் கிரீன்விச் நேரமாகப் படிக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. வித்தியாசம் 5 மணி 30 நிமிஷம், அதாவது நம் நாடு!

கடைசியில் எல்லாம் உறைந்துபோய்க் கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்மினுக் என்று சிமிட்டுகிறதா? அது கர்னல் பேனிக். திரை போன பிறகும் கர்னல் அந்த விளக்கை வைத்துத் தன் மரணத்தை அறிவிக்கிறது. சாவுச் செய்தி முழுவதையும் அந்த விளக்கிலேயே மோர்ஸ் தந்தி மொழியில் சிமிட்டவைக்கலாம் என்று 2002-ல் ஒருவர் நிஜமாகவே நிரல் எழுதி அனுப்பினார். 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12-ல் அந்த ஆசை வேறு ரூபத்தில் பலித்திருக்கிறது. செத்துக்கொண்டிருக்கும் கர்னல் தன் கடைசிச் செய்திகளைச் சுருக்கி, திரையில் ஒரு கியூஆர் கோடாக வரைந்துவிட்டுச் சாகும். மளிகைக் கடையில் காசு கொடுக்கும் அதே பாணியில் போனை நீட்டிப் படித்துக்கொள்ளலாம். அது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்குள் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான், தெரியுமா?